சீட்டில்லாமல் கடலில் கால்வைக்கவிடாத அக்காவுக்கு

தலைமை விருந்தினர் அவர்களே, முதலில் உங்கள் நுழைவுச்சீட்டைக் காட்டுங்கள்!

"அவர்கிட்ட மட்டும் கேட்டுடாதம்மா, நமக்கு நிதி தர்ற விடுதி முதலாளி" என்று மேலாளர் மூன்று முறை சொல்லியும், இம்மடலை எழுதி வாசிக்கும் சீட்டுக் கவுண்டரின் கடைக்குட்டி அதைத்தான் கேட்கிறாள். பொறுத்தருள்க, அக்கா, பழக்கம் உங்களுடையது.

பவளப் பூங்காவின் பாதுகாவலரே! கவுண்டரின் காவற்சிங்கமே! முப்பத்தோராண்டு அலையோடும் ஆட்களோடும் அயராது மல்லுக்கட்டி இன்று ஓய்வுபெறும் எங்கள் அக்காவே, வணக்கம்!

வருவோர் தரும் கட்டணமும் விடுதி தரும் பங்குத்தொகையும் சேர்ந்துதான், பவளத்தில் நங்கூரம் விழாமல் படகு கட்ட நாற்பது மிதவைகள் வந்தன. அலைந்து கேட்டு வாங்கியவர் நீங்கள். ஆனால் பணத்தைவிட நீங்கள் கண்ணுங்கருத்துமாய்க் காத்தது சீட்டின் வரிசை எண்ணை. நாளுக்கு இருநூறு பேர். அதற்குமேல் அமைச்சரின் மாமியாரே வந்தாலும், "நாளைக்கு வாங்கம்மா, கடல் எங்கயும் ஓடிடாது!"

ஒரு பருவம் நாம் எல்லோரும் ஏமாந்தோம். விடுதி விருந்தினருக்குச் சீட்டு வேண்டாமென்று தாராளம் காட்டினோம். பதிவேடு ஒருநாளும் இருநூறைத் தாண்டவில்லை என்று கைதட்டிக்கொண்டோம். சீட்டில்லாதவர்களை யாரும் எண்ணவில்லை! நீரில் இறங்கிப் பார்த்தால் மிதிபட்ட பவளம் கூடைகூடையாய் வந்தது. நீங்கள் யாரையும் திட்டவில்லை. மறுநாள் உங்களுக்கே ஒரு சீட்டுக் கிழித்துக்கொண்டு உள்ளே போனீர்கள். விடுதிக்கான விலக்கு அன்றோடு போயிற்று; அன்றுமுதல் நாங்களும் சீட்டெடுத்தே நனைகிறோம்.

இன்று அதே இடத்தில் பவளம் விரல்நீளம் வளர்ந்திருக்கிறது, அக்கா! கிளிமீன்கள் திரும்பிவிட்டன! நேற்று முக்குளித்த படகோட்டி நீருக்குள்ளேயே கத்தி, வயிறு நிறைய உப்புநீர் குடித்துவிட்டு வந்தார்!

வீட்டின் முதல் பட்டதாரியான இந்தக் கடைக்குட்டியைப் பார்த்து "படிச்ச திமிரு" என்றவர்கள் உண்டு. நீங்களோ, "திமிரு இருக்கட்டும்டீ, எண்ணிக்கை தப்பக்கூடாது" என்றீர்கள்.

இப்போது இந்த மேடை மேசைமேல் விடுதியின் புது ஒப்பந்தம் கிடக்கிறது: பங்குத்தொகை இரட்டிப்பு, விடுதி விருந்தினருக்கு மறுபடியும் சீட்டு விலக்கு. கவுண்டர் பொறுப்பு இனி இவளுடையது என்பதால் கையெழுத்தும் இவளுடையது. "போட்டுடும்மா, வேலை நிரந்தரமாகும், இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்றார் மேலாளர்.

நோயின்றி நொடியின்றி, நீச்சல் மறவாமல் நீடூழி வாழ்க, அக்கா! அடிக்கடி வருக, சீட்டெடுத்து வருக, உங்களுக்கும் விலக்கில்லை!

மடல் முடிந்தது. பேனாவை மூடி, கையெழுத்தில்லாத ஒப்பந்தத்தின்மேல் வைத்துவிட்டு, இவள் மேடையிறங்கிக் கவுண்டரைத் திறக்கப் போகிறாள்.

விருந்தினர் ஐயா, வரிசை இடப்பக்கம்.

என்றும் உங்கள்,
கடற்பூங்கா நுழைவாயில் பணியாளர்கள்