முழுதாகத் துடைத்த டிவிடி

பழைய கணினியை யாரும் குப்பையில் போடக்கூடாது. பாரம் குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டுவிட்டால் கிழட்டு மாடு மாதிரி மெதுவாக, ஆனால் முரண்டு பிடிக்காமல் உழைக்கும். அரியாலையில் என் வீடியோக் கடையில் இருப்பது அப்படி ஒன்றுதான். கலியாணவீடு, செத்தவீடு என்று நான் எடுக்கும் படங்களை அதில்தான் டிவிடியில் அடித்துக் கொடுக்கிறேன். வெளிநாட்டுச் சனம் எல்லாவற்றையும் போனில் பார்த்துவிட்டாலும் கையில் ஒன்று கொண்டுபோகத்தான் ஆசைப்படும்.

என் அம்மா பராசக்திக்கும் டிவிடிதான் வேண்டும். அண்ணை பிறேம் அவருக்குச் சொல்லாமல் பிரான்சுக்குப் போனவர். அந்தக் கோபத்தில் அண்ணையின் குரலைக்கூட அம்மா போனில் கேட்கமாட்டார். கஞ்சி பருக்கியது, குளிப்பாட்டியது, இரவிரவாக முழித்திருந்தது எல்லாம் நான். படுக்கையில் விழுந்த பிறகு அம்மாவின் மனம் இளகியது. வீம்பு மட்டும் போகவில்லை.

"போனிலை கதைச்சா அழுதுபோடுவன். நான் சொல்லுறதைப் படமெடுத்து வை. நான் போனாப்பிறகு அவன்ரை கையிலை குடு" என்றார்.

எடுத்தேன். பிறகு திருத்தம் சொல்லுவார் என்று நினைத்து, திரும்பத் திரும்ப அழித்து எழுதக்கூடிய டிவிடியில் அடித்து வைத்தேன். கமராவிலும் கணினியிலும் இருந்ததை அடுத்த கலியாணவீட்டுக்காக அழித்தாயிற்று. மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். அண்ணைக்குக் காகிதங்கள் சரிவந்தது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குத்தானாம். போனில் விம்மி விம்மி அழுதார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. அவர் வந்து இறங்குவதற்கு முதல்நாள், நல்ல பகலில், தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு கடையில் இருந்தபடியே அந்த டிவிடியில் பதிந்ததைத் துடைத்தேன்.

துடைப்பதில் இரண்டு வகை உண்டு. விரைவாகத் துடைத்தால் புத்தகத்தில் உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்த மாதிரி. உள்ளே எழுத்து கிடக்கும். கெட்டிக்காரன் ஒருவன் சிலவேளை மீட்டுவிடுவான். முழுதாகத் துடைத்தால் ஒரு பக்கமும் மிஞ்சாது, ஆனால் நேரம் எடுக்கும். கறுப்புத் திரையில் முழுதாகத் துடைக்கும் கட்டளையை அடித்துவிட்டு, முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

அம்மா அவருக்கு விட்டுப்போன டிவிடி கை தவறி அழிந்துவிட்டது என்று அண்ணையிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லமாட்டேன். அவர் என்னை ஏசக்கூட இல்லை. பட்டணத்தில் யாரோ மீட்டுத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு டிவிடியைக் கேட்டார். தாராளமாகக் கொடுத்தேன். அலைந்து திரிந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே படமெடுத்தனி. அம்மா என்னடா சொன்னவ?"

"அதை விடுங்கோ அண்ணை. தெரியாமல் இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லம்."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? அவராக எதையோ நினைத்துக்கொண்டார். ஐயர் கூப்பிட்டும் சடங்குக்கு வரவில்லை. தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டுக் கடற்பக்கம் போய் நின்றார். நான் தனியே எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்து முடித்தேன். இப்போது பிரான்சில் அவர் வேலைக்குப் போவதில்லையாம், பிள்ளைகளோடும் கதைப்பதில்லையாம். "மாமி சபிச்சுப்போட்டோ செத்தவ?" என்று அண்ணி போனில் கேட்டு அழுகிறார். காலம் ஆற்றும் அண்ணி என்று பதமாகச் சொல்லி வைக்கிறேன்.

அம்மா சபிக்கவில்லை. "உன்னிலை எனக்கு ஒரு கோவமும் இல்லையடா ராசா. உன்னைப் பாக்காமல் போறதுதான் கவலை" என்றுதான் சொன்னார். தொடக்கம் முதல் முடிவு வரை பிறேம், பிறேம். அவர் காய்ச்சலில் கிடந்தது, சைக்கிளால் விழுந்தது, முதல் சம்பளத்தில் சேலை வாங்கி வந்தது. கமராவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். எனக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள். உலகத்தில் ஒரு நியாயம் வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயரும் ஓரிடத்தில் வந்தது. "செந்தூரன், உந்த லைற்றைக் கொஞ்சம் அங்காலை தள்ளு, கண் கூசுது." துடைக்க முதல் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். கடையில் ஆளில்லாதபோது போட்டுக் கேட்பேன். அதில் அம்மா என்னோடு மட்டும்தான் கதைக்கிறார்.