சங்கமத்துறையில் நான் வாங்கிய இரண்டு பாக்குகள்

பெயர் பொங்கியண்ணன். தகப்பனார் பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தேழு. தொழில் விவசாயம், எருமை நான்கும் பசு இரண்டும் உண்டு. பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா மீனாட்சிபுரத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். 1974 டிசம்பர் ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, தமிழ் தெரிந்த ஏட்டையா எழுத, இதைச் சொல்கிறேன். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் விட்டதையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்று முன்னாலேயே ஏட்டையாவிடம் சொல்லிவிட்டேன்.

இறந்துபோன மயிலாத்தாள், வயது முப்பத்துநாலு, என் பங்காளி ரத்தினசாமியின் சம்சாரம். ரத்தினசாமி எனக்குத் தம்பி முறை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே கிணற்றோடு நாலு ஏக்கர் நிலத்தை அவள் தகப்பனார் அவள் பேருக்கு எழுதிவைத்துப் போனார். அதைத் தன் பேருக்கு மாற்றித் தரச்சொல்லி ரத்தினசாமி இரண்டு வருஷமாக நச்சரித்துவந்தான். அவள் சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல் வரை இரண்டு தடவை போய், கைநாட்டு வைக்காமலே திரும்பிவிட்டாள். இது ஊருக்கே தெரியும்.

எங்கள் ஊர்ப் பால்காரக் குடும்பங்களை வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து ஊர் பார்க்கக் கூட்டிப்போகிறவன் நான். மதுரை, தஞ்சாவூரெல்லாம் ஆகிவிட்டது. இந்த வருஷம் மைசூரும், திப்பு சுல்தான் தலைநகராக வைத்து ஆண்ட ஸ்ரீரங்கப்பட்டணமும் என்று முடிவானது. மொத்தம் நாற்பத்தொரு பேர். பதினோரு வருஷத்தில் ஒருவரையும் நான் தொலைத்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது.

எங்கள் பக்கம் மாட்டையும் ஆளையும் விரல்விட்டு எண்ணமாட்டோம், ஆயுசு குறையும் என்பார்கள். மாட்டை எண்ண வேண்டுமானால் கயிற்றை எண்ணுவோம். ஆகையால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆளுக்கொரு கொட்டைப்பாக்கு கொடுத்து, ஏறும்போது திரும்ப வாங்கிப் பையில் போட்டுப் பாக்கை எண்ணுவேன். பெண்பிள்ளைகள் வேற்று ஆம்பிளை கையில் நேராகப் பாக்கு கொடுக்கக் கூடாது, அது நிச்சயதார்த்தத்துக்குச் சமானம். எனவே சம்சாரத்தின் பாக்கைப் புருஷனே வாங்கி வைத்திருந்து திருப்பித் தருவான். கூட வந்த மூன்று விதவைகளுக்கு மட்டும் படியோரம் பால் வாங்கும் தூக்குப்போசி ஒன்று வைத்திருந்தேன், அவர்கள் அதில் போட்டுவிட்டு ஏறுவார்கள்.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலை புறப்பட்டு, பொள்ளாச்சி, சத்தியமங்கலம் வழியாகச் சாயங்காலம் மைசூர் சேர்ந்து சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் அரண்மனைக்குப் போனோம். எல்லோரும் தர்பார் மண்டபத்துத் தூண்களை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தபோது, ரத்தினசாமி காவல்காரனிடம் எத்தனை வாசல், எது எந்தத் தெருவில் போய் முடியும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு சாமுண்டி மலை ஏறினோம். அங்கே மயிலாத்தாள் கூட்டத்தை விட்டு நாலடிகூடத் தள்ளி நிற்கவில்லை. முத்தாத்தாள் என்ற பக்கத்து வீட்டுக்காரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். சின்னப்பிள்ளையா என்று நான்கூடக் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கப்பட்டணம் போய், முதலில் திப்புவின் கோடைகால மாளிகையைப் பார்த்தோம். சுவர் முழுக்கச் சண்டைப் படம். அதன் பிறகு கோட்டைக்குள் கைதிகளைக் கட்டிப்போட்ட பாதாளச் சிறையைப் பார்த்தோம். அங்கே ரத்தினசாமி வழிகாட்டியிடம், ஆறு இங்கிருந்து எவ்வளவு தூரம், இப்போது ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டது என் காதில் விழுந்தது. விவசாயி தண்ணீரைப் பற்றித்தானே கேட்பான் என்று நினைத்தேன். அதன் பிறகு ரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டு, பதினொன்றரை மணிக்கு ஆறு கூடுகிற சங்கமத்துறைக்கு வந்து இறங்கினோம். காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் குளித்துப் புளிச்சோறு சாப்பிட்டோம்.

இரண்டு மணிக்கு ஏறச்சொல்லிக் குரல் கொடுத்தேன். ரத்தினசாமி கடைசியில் வந்து, என் உள்ளங்கையில் இரண்டு பாக்கு வைத்தான். இரண்டும் ஈரமாக இருந்தன. குளித்த வேட்டியில் முடிந்திருப்பான் என்று நினைத்தேன். பையையும் போசியையும் சேர்த்து எண்ணினேன். நாற்பத்தொன்று இருந்தது.

முத்தாத்தாள் எழுந்து நின்று, மயிலா வரவில்லை, வண்டியை எடுக்காதீர்கள் என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாக்கு சரியாக இருக்கிறது, பின்னால் எங்காவது உட்கார்ந்திருப்பாள், நீ உட்கார் என்று அதட்டி டிரைவரை எடுக்கச் சொன்னேன். எழுந்துபோய்ப் பார்த்திருந்தால் பத்தடிதான் இருக்கும். நான் எழவில்லை.

சாம்ராஜ்நகரில் டீ குடிக்க எல்லோரும் இறங்கியபோது அவள் பஸ்ஸில் இல்லை. கேட்டதற்கு ரத்தினசாமி, அவள் சண்டை போட்டுக்கொண்டு கொள்ளேகாலத்தில் இருக்கும் அண்ணன் கந்தப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றான். அங்கேயே ஏன் சொல்லவில்லை என்றேன். வெட்கமாக இருந்தது என்றான். முத்தாத்தாள் திரும்பிப் போகலாம் என்று அழுதாள். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று சொல்லி நான்தான் கூட்டிவந்துவிட்டேன்.

தங்கை வந்து சேரவில்லை என்று கந்தப்பன் மனுக் கொடுத்ததன்பேரில் என்னை விசாரித்தார்கள். ரத்தினசாமி சொன்னதையே நானும் சொன்னேன். டிசம்பர் நான்காம் தேதி, ஆற்றில் கீழே ஒதுங்கி, கேட்பாரற்று அடக்கம் செய்த ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டினார்கள். முகம் தெரியவில்லை. இடது முழங்கையில் தேள் பச்சை குத்தியிருந்தது. அது மயிலாத்தாள்தான்.

இனி விட்டதைச் சொல்கிறேன். கோடைகால மாளிகைத் தோட்டத்தில், ரத்தினசாமி தண்ணீர் குடிக்கப் போன சமயம், மயிலாத்தாள் என்னிடம் வந்தாள். புருஷனுக்கு மூத்தவன் என்பதால் என் எதிரில் நிற்காதவள், அன்று நேராக நின்று பேசினாள்.

“மாமா, எம் பாக்க நானே அந்தப் போசியில போட்டுர்றனுங்க. அவுரு கையில இருந்தா, நான் வராட்டியும் நீங்க வண்டிய எடுத்துப்போடுவீங்க.”

“புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப முண்டச்சிக போசியில கை வெக்கறயா? போயி வண்டியில உக்காரு.”

அவள் திரும்பிப் போய்விட்டாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். பாதாளச் சிறைப் படியில் இறங்கும்போது, உன் சம்சாரம் தனிப் பாக்கு கேட்கிறாள் என்று ரத்தினசாமியிடம் வேடிக்கை போலச் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொன்னேன். அவன் சிரித்தான். கொஞ்சம் கழித்துக் கேட்டான்.

“வேற ஆருகிட்டயாச்சும் சொன்னாளாங்கண்ணா?”

இல்லை, என்னிடம் மட்டும்தான் என்றேன்.

பங்காளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முன்பு இதை மறைத்தேன். என் பேருக்கும் பயந்தேன். இப்போது ரத்தினசாமிக்கு எதிரே எந்தக் கோர்ட்டில் நிறுத்தினாலும் இதையே சொல்வேன்.

எழுதியதை ஏட்டையா தமிழில் இரண்டு தடவை வாசிக்கக் கேட்டேன். யாரும் மிரட்டவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நவம்பர் இருபத்தெட்டாம் தேதிக் காகிதத்தின் கடைசியில் ‘எனக்கு வேறொன்றும் தெரியாது’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி பொய். இதில் உள்ளது அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) செ. பொங்கியண்ணன்