எழுபத்தாறு நாள் காலித் தொட்டி

— மறுபடியும் கேக்கறேன். மீன் எங்க?

— முதல்ல பையை இறக்கி வச்சுட்டு உக்காருங்க அண்ணி. ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கீங்க. டீ போடறேன்.

— டீ ஓடியா போகுது? கூடத்துல இத்தனை பெரிய கண்ணாடித் தொட்டி. விளக்கு எரியுது, தண்ணி சுத்துது, பாறை இருக்கு, பவளம் இருக்கு. மீன் மட்டும் இல்ல. என் தம்பி எட்டு மீன் வளத்தான். எங்க?

— பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். புது ஆளைப் பாத்தா அப்படித்தான்.

— எட்டுமா? நான் என்ன புது ஆளா? இருபது வருஷமா கோர்ட்ல பொய் கேட்டுக் கேட்டுப் பழுத்த காது இது. நீ பேக்கரில கேக் நல்லா சுடுவ, அதனாலதான் அவன் உன்னைப் பன்னுன்னே கூப்பிடறான், ஒத்துக்கறேன். பொய் சுட வராது உனக்கு. எல்லாம் செத்துப்போச்சா?

— இல்ல.

— வித்துட்டியா?

— ஐயோ அண்ணி!

— கல்யாணம் ஆன புதுசுல நீதானே சொன்ன, இந்தத் தொட்டி எனக்கு சக்களத்தின்னு? அவன் கப்பல் ஏறி மூணு மாசம் ஆகப்போகுது. சந்தர்ப்பம் பாத்து சக்களத்தியைத் துரத்திட்டியோன்னு கேக்கறேன். தப்பா?

— அது விளையாட்டுக்குச் சொன்னது. அவரு சாப்பிட உக்காரும்போதுகூட தொட்டியைப் பாத்துக்கிட்டே உக்காருவாரு. வயித்தெரிச்சல்ல சொன்னேன்.

— சரி, பதிவு பண்ணிக்கிறேன். அடுத்த கேள்வி. பின்னறைலேருந்து என்ன உப்பு வாடை அடிக்குது? கொடகொடன்னு சத்தம் வேற?

— அண்ணி, நில்லுங்க! கதவைத் தொடாதீங்க. கையைக் கழுவிட்டு வாங்க. சோப்பு வேணாம், வெறும் தண்ணி.

— யாரு உள்ள? பிரசவம் ஆனவளா?

— கழுவிட்டீங்களா? இப்ப வாங்க. மெதுவா. விளக்கைப் போடாதீங்க, மிரளும்.

— அட… இது என்னடி இது! துணி துவைக்கிற தொட்டி ரெண்டு. உள்ள… ஒண்ணு, ரெண்டு… அந்த ஆரஞ்சு ஜோடி! நீலம்! இதுங்க இங்கயா இருக்கு?

— ஆறு இருக்கு. ரெண்டு போயிடுச்சு. குட்டிப் பச்சை ரெண்டும்.

— ஏன் இதுங்களை இங்க கொண்டுவந்து போட்ட? அங்க மாளிகை காலியாக் கிடக்கு, இங்க ஆளுக்கொரு குழாய்த் துண்டுல குடித்தனம் பண்ணுதுங்க.

— மாளிகையில நோய் அண்ணி.

— நோயா? மீனுக்கா?

— அவரு கப்பல் ஏறின அஞ்சாம் நாள். நீலம் பாறையில உடம்பைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. விளையாடுதுன்னு நினைச்சேன். மறுநாள் காலையில பாத்தா உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி. பிஸ்கட் மேல சர்க்கரை தூவுவோமே, அந்த மாதிரி. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா எட்டு மேலயும் இருக்கு. பச்சைக் குட்டிங்க ரெண்டும் மூச்சு வாங்கிக்கிட்டு மேலயே நிக்குது.

— கடைக்காரனைக் கேக்க வேண்டியதுதானே?

— கேட்டேனே. "ரெண்டு நாள்ல தானா உதிர்ந்துடும்மா, இதெல்லாம் உங்களுக்கு ஆகாத வேலை, அலட்டிக்காதீங்க"ன்னாரு. அவரு சொன்ன மாதிரியே உதிர்ந்துச்சு. எனக்கு வாயெல்லாம் பல்லு. கேக்கு நல்லா எழும்பின சந்தோஷம். நாலு நாள்கூட ஆகல, பழையபடி வந்துச்சு, முன்னைவிடப் பத்து மடங்கா. பச்சை ரெண்டும் ஒரே காலையில போயிடுச்சு.

— உதிர்ந்தது எப்படித் திரும்ப வந்துச்சு?

— அங்கதான் சூட்சுமம். மீன் மேலேருந்து உதிர்றது சாகறது இல்ல. மணல்லயும் பாறையிலயும் போய் ஒட்டிக்கிட்டுத் தூங்கும். அங்கயே ஒண்ணு நூறாப் பெருகி, வெடிச்சு வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். எந்த வீட்ல சாப்பாடு கிடைக்கும்னு தெரிஞ்ச விருந்தாளி மாதிரி.

— என்னைப் பாத்துச் சொல்லாத.

— மருந்து இருக்கு, செம்பு கலந்த மருந்து. ஆனா அதைப் பெரிய தொட்டியில ஊத்தக் கூடாது. பவளம், இறால், நத்தை எல்லாம் சேந்து செத்துடும். அப்ப என்ன வழி? மீனையெல்லாம் வெளிய எடு, தனியா வச்சு மருந்து குடு. தொட்டியைப் பட்டினி போடு. மீனே இல்லைன்னா அந்தக் கிருமி எதைத் தின்னும்? எழுபத்தாறு நாள். ஒரு மீன் வாலுகூட உள்ள படக்கூடாது.

— எழுபத்தாறா? இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?

— யாரும் இல்ல. படிச்சேன். பஸ்ல போகும்போது, மாவு புளிக்கிற நேரத்துல, அடுப்பு சூடாகிற நேரத்துல. ஒருத்தர் ஒண்ணு சொல்லுவாரு, இன்னொருத்தர் அதுக்கு நேர்மாறாச் சொல்லுவாரு. எவன் தன் மீன் செத்த கதையையும் சேத்துச் சொல்றானோ, அவன் பேச்சைத்தான் நம்பினேன்.

— நல்ல சட்டம் இது. எங்க ஜட்ஜுங்களுக்கும் சொல்லணும். சரி, பிடிச்சது எப்படி? அம்பு மாதிரி ஓடுமே?

— அதைக் கேக்காதீங்க! பாதித் தண்ணியை இறைச்சேன். பாறையை ஒண்ணொண்ணாத் தூக்கி வெளிய வச்சேன், மறுபடி அதே மாதிரி அடுக்கணும்னு முதல்லயே போட்டோ எடுத்துக்கிட்டு. தொட்டி மேல துண்டு போட்டு, தலையை உள்ள விட்டு, வலையை வச்சுக்கிட்டு ஆறு மணி நேரம். இந்த ஆரஞ்சுப் பொம்பளை இருக்காளே, என் கட்டை விரலைக் கடிச்சா அண்ணி! ஏழு வருஷமா நான்தான் அவளைத் திட்டியிருக்கேன். அவ திருப்பிப் பேசினது அன்னிக்குத்தான்.

— சக்களத்தி சண்டை! சிரிப்பு காட்டாத, மீன் மிரளும்னு நீதானே சொன்ன.

— அதுக்கப்புறம்தான் நிஜமான வேலை. இந்தச் சின்னத் தொட்டியில மீன் கழிக்கிற அழுக்கே அதுக்கு விஷம். தினம் பாதித் தண்ணி மாத்தணும். மாத்தற தண்ணியை முந்தின நாளே உப்பு போட்டுக் கலக்கி, ஒரே சூட்டுல வச்சிருக்கணும். தண்ணி மாத்தினா மருந்தும் குறையும், குறைஞ்ச அளவுக்கு மறுபடி சேக்கணும். கூடினா மீன் சாகும், குறைஞ்சா கிருமி சாகாது. காலையில அஞ்சு மணிக்கு நான் பேக்கரில இருக்கணும். நாலு மணிக்கு எழுந்து, சோதனைச் சொட்டு விட்டு, தண்ணி மாறுற நிறத்தை வச்சு மருந்து அளவு பாத்து நோட்டுல எழுதிப்பேன். வந்ததும் மறுபடி பாப்பேன்.

— ஒரு நாள்கூடத் தப்பலையா?

— காய்ச்சல் வந்த அன்னிக்கும் தப்பல. அண்ணி, நான் பதினாலு வருஷமா கிராம் கணக்குல கை பழகினவ. அங்க கால் கிராம் தப்பினா கேக் அமுங்கும். இங்க தப்பினா மீன் மிதக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கடைக்காரர் போன வாரம் வீட்டுக்கே வந்தாரு. பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "அம்மா, உங்க நோட்டை ஒரு தடவை குடுங்க, நான் எழுதிக்கிறேன்"னாரு.

— குடுத்தியா?

— டீ குடுத்தேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கவச்சேன். அப்புறம் நோட்டையும் குடுத்தேன்.

— ஹா! என் வீட்டு மருமகடி நீ. சரி, இப்ப முக்கியமான கேள்வி. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிற மாதிரி இதை ஏன் அவன்கிட்ட மறைச்ச? வாரத்துக்கு மூணு நாள் போன்ல முகம் பாத்துப் பேசறீங்களே?

— எப்படிச் சொல்றது? அந்த நீலம் அவரு கப்பல் ஏறறதுக்கு முந்தின நாள் வாங்கிட்டு வந்தது. கல்யாண நாளுக்கு அவரு ஊர்ல இருக்க மாட்டாரேன்னு எனக்காக வாங்கினது. அவசரத்துல தனியா வச்சுப் பாக்காம அப்படியே உள்ள விட்டுட்டாரு. நோய் வந்தது அதுலேருந்துதான். நடுக்கடல்ல இயந்திரத்துக்கு நடுவுல நிக்கிற மனுஷன்கிட்ட, நீங்க குடுத்த பரிசு வீட்டையே கொன்னுடுச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா?

— நல்ல பதில். கண்ணுல தண்ணிகூட வருது. ஆனா பாதிதான். மீதியையும் சொல்லு.

— மீதி என்ன மீதி?

— சாட்சி கீழ பாக்குது. மீதி இருக்கு.

— …சொன்னா சிரிப்பீங்க.

— நான் பீஸ் வாங்காம சிரிக்கிறதில்ல. சொல்லு.

— அவர்கிட்ட சொல்லியிருந்தா, அவரு அங்கேருந்து சொல்லச் சொல்ல நான் இங்க கையை ஆட்டியிருப்பேன். பிழைச்சா அவரு காப்பாத்தினது. செத்தா நான் கொன்னது. எனக்கு… ஒரே ஒரு தடவை, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நானே செய்யணும்னு இருந்துச்சு அண்ணி. அவரு வந்து தொட்டியைப் பாக்கணும். அப்ப நான் சாவகாசமா டீயை ஆத்திக்கிட்டே சொல்லணும், "ஆமா, நடுவுல கொஞ்சம் உடம்பு சரியில்லாம இருந்துச்சு, பாத்துக்கிட்டேன்"னு.

— நான் சிரிக்கல. பாரு, சிரிக்கல. இன்னும் எத்தனை நாள் பாக்கி?

— இன்னிக்கு எழுபத்தாறு முடிஞ்சுது.

— இன்னிக்கா? அப்ப எதுக்குடி என்னை நிக்க வச்சுக் கதை சொல்லிக்கிட்டிருக்க? எடு வலையை!

— வலை வேணாம், செதில் உரியும். இந்தக் கிண்ணத்துல ஏத்துக்கணும். புடவையைத் தூக்கிச் சொருகிக்கோங்க. முதல்ல ஜோடி. அண்ணி, கிண்ணத்தைத் தண்ணிக்குள்ளயே வையுங்க… துரத்தாதீங்க, காத்திருங்க. அதுங்களா வரும்.

— வருதுடி… வருது! ரெண்டும் வந்துடுச்சு!

— மேல கையை வச்சு மூடிக்கிட்டு நடங்க. இங்க நில்லுங்க. இந்தத் தண்ணி ஒரு சொட்டுகூடப் பெரிய தொட்டியில விழக்கூடாது, இதுல மருந்து வாசனை ஒட்டியிருக்கும். புது உப்புத் தண்ணியில அலசி, கையில ஏந்தி… நீங்களே விடுங்க.

— நானா? நீ பாடுபட்டதை நான் விடறதா?

— விடுங்க அண்ணி. நான் பாக்கணும். இத்தனை நாள் கை வேலையாவே இருந்துச்சு, கண்ணால பாக்கவே இல்ல.

— போ தாயி, போ… ஐயோ, பாரேன், நேரா அந்தப் பூ மாதிரி இருக்கிறதுக்குள்ள போய்ப் படுத்துக்குது! கதவைத் தொறந்ததும் கட்டில்ல விழற மாதிரி! ஏய், நீ அழறியா?

— உப்புத் தண்ணி தெறிச்சுது.

— எனக்கும் தெறிச்சுது. வா, அடுத்தது.

— இதோ… இது மூணு, நாலு. இது அஞ்சு. நீலத்தைக் கடைசியா விடுவோம், அதுதான் ரொம்பப் பட்டுச்சு. மெதுவா… அவ்வளவுதான். ஆறு.

— ஆறு! என் கட்சிக்காரங்க ஆறு பேரும் விடுதலை! இந்தா, உன் போன் அடிக்குது. கப்பல்தான்.

— ஐயோ, இன்னிக்கு அவரு கூப்பிடற நாளே இல்லையே! அண்ணி, வாயைத் தொறக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை… ஹலோ? என்னங்க, இந்த நேரத்துல?

— பன்னு, எத்தனை உள்ள போச்சு?

— என்னது?

— மீனுடி. எத்தனை உள்ள போச்சு? சீக்கிரம் சொல்லு, இங்க என்ஜின் ரூம்ல பதினோரு பேரு வேலையைப் போட்டுட்டு என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க.

— உங்களுக்கு… எப்படி?

— நீ எப்பவும் தொட்டிக்கு முன்னாடி உக்காந்துதானே பேசுவ? ஒரு நாள் உன் தலைக்குப் பின்னாடி ஒரு மீனும் குறுக்க வரல. அடுத்த தடவையும் வரல. அதுக்கு அடுத்த தடவை பாத்தேன், உன் கட்டை விரல்ல கட்டு. புரிஞ்சுபோச்சு, மீனையெல்லாம் பிடிச்சு வெளிய எடுத்திருக்கன்னு. அன்னிக்கே, போன நாளையும் சேத்து, இங்க சுவத்துல சாக்பீஸால கோடு போட ஆரம்பிச்சேன். இன்னிக்கு எழுபத்தாறாவது கோடு. சமையல்காரர் தினம் காலையில "உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரி எப்படி நடக்குது"ன்னு கேக்காம எனக்குத் தட்டே வைக்க மாட்டாரு.

— ஆறு. பச்சை ரெண்டும் போயிடுச்சு.

— நீலம்?

— இருக்கு. இப்ப பாறையை மூணாவது சுத்து சுத்துது.

— டேய், ஆறாம்டா! …கேக்குதா பன்னு? கத்தறானுங்க, கேக்குதா? கப்பல்ல சங்கே ஊதியிருப்பானுங்க, கேப்டனுக்குப் பயந்து விட்டுட்டானுங்க.

— ஏண்டா, அக்கா பேசறேன். தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம இருந்தியே, கல்நெஞ்சுக்காரா! ஒத்தையில கிடந்து நாலு மணிக்கு எழுந்து அல்லாடியிருக்காடா இவ. உனக்குத் தெரிஞ்சதை நாலு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?

— அக்கா, எனக்குத் தெரிஞ்சதா? கல்யாணத்துக்கு முன்னாடி நான் வச்சிருந்த மொத்தத் தொட்டியும் ஒரே வாரத்துல செத்துச்சே, கரண்ட் போச்சுன்னு உங்க எல்லாரையும் நம்ப வச்சேனே. கரண்டெல்லாம் போகலக்கா. இதே வெள்ளைப் புள்ளிதான். பயத்துல கைக்குக் கிடைச்சதையெல்லாம் ஊத்தி, ஒண்ணு விடாம நான்தான் கொன்னேன். இந்த எழுபத்தாறு நாள் கணக்கையே எல்லாம் செத்ததுக்கப்புறம்தான் படிச்சேன். பன்னு, இத்தனை நாளும் சாமியை ஒண்ணே ஒண்ணுதான் வேண்டிக்கிட்டேன், நீ என்கிட்ட யோசனை கேட்டுடக் கூடாதுன்னு. நல்லவேளை நான் வீட்ல இல்ல.