பதினோரு அங்குல மழை

“ஐயா, அந்தச் செம்பைத் திறந்து பாருங்கன்னுதானே—”

“மணி மூணுதான் ஆகுது. பார்க்கிற நேரம் காலையில ஏழு.”

“ஏழுக்குப் பார்த்து யாருக்குச் சொல்றது? தண்ணி லயத்து வாசப்படிக்கு—”

“நாலு அங்குலம் ஆகட்டும், வீரமுத்து.”

ஆபீஸ் வராந்தாவில் கங்காணி வீரமுத்துவும் நானும் பேசத் தொடங்கியது இப்படித்தான். அதைச் சண்டை என்று இந்த விசாரணையில் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். தகரக் கூரையில் மழை விழும்போது யாரும் மெதுவாகப் பேச முடியாது ஐயா.

லாயாங் லாயாங் என்னும் ஊரின் ரயிலடியிலிருந்து மூன்று மைல் உள்ளே இருக்கிறது எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. காலையில் பேர் கூப்பிடுவதும் மழைமானி பார்ப்பதும் என் வேலை. ஆபீஸ் மேட்டில், மரவேலிக்குள் நிற்கும் செம்புக் குழாய் அது. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட நான் குறிக்காமல் விட்டதில்லை. என் மனைவி கெர்ட்ரூடை அடக்கம் செய்த அன்று, ஏழு மணி அளவை முடித்துவிட்டுத்தான் மாதா கோயில் பூசைக்குப் போனேன். சாமியார் காத்திருந்தார்.

தோட்டத்துத் துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். மழை நாலு அங்குலம் தாண்டினால் நான் தண்டவாள மணியை அடிக்கச் சொல்ல வேண்டும். அடித்தால் ஆற்றங்கரையில் வரிசை வீடுகளாக இருக்கும் கீழ் லயத்துச் சனங்கள் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அடிக்காமல் ஏறினால் பேர் வெட்டு, வேலை போய்விடும். ஆகவே எல்லோரும் மணிக்காகத்தான் காத்திருந்தார்கள்.

போன வருஷம் அடிக்கச் சொன்னேன். அறுபது குடும்பம் ஆட்டோடும் கோழியோடும் வந்து மேட்டில் ஏறியது. வீரமுத்துவின் மனைவி ராசம்மா கித்தானின் ஒரு முனையை மழைமானி வேலியில் கட்டி, பிள்ளைகளை அதன் கீழே உட்கார வைத்தாள். கித்தானில் தேங்கிய தண்ணீரெல்லாம் குழாய்க்குள் வடிந்தது. “இங்க கட்டாதே” என்றேன். “பிள்ளைங்க நனையுதுங்கய்யா, தண்ணிதானே” என்றாள். மழைக் கணக்கு வாங்கும் மேலிடத்தில் என் எண்ணுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, ‘நம்பத்தகாதது’ என்று எழுதி அனுப்பினார்கள். அந்த வருஷத்தின் பெரிய மழை என்ற பதிவு லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பேரில் ஏறியது. ராசம்மா மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவளுக்கு அளவு என்றால் என்னவென்று தெரியாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று செம்பைத் திறக்கவில்லை என்று வீரமுத்து நினைக்கும்படி நான் சொன்னது உண்மையல்ல. உள்ளே இருக்கும் போத்தல் நாலு அங்குலத்துக்கு மேல் கொள்ளாது. வழிந்தால் கணக்குப் போய்விடும். அதனால் பகல் பன்னிரண்டுக்கே எடுத்து அளந்து, ஜாடியில் ஊற்றி மூடி வைத்தேன். மூன்று மணிக்கு முன் இன்னொரு தடவை. வீரமுத்து என் எதிரில் நின்றபோது ஆறே கால் அங்குலம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். மணியடித்தால் மறுபடி அறுபது குடும்பம், மறுபடி கித்தான். மணியடிக்கும் சுத்தியல் என் மேசை டிராயரில் இருந்தது. அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

“பொண்ணுக்குக் காய்ச்சல் ஐயா, அவளையாச்சும் மேல கொண்டாரட்டுமா?” என்று கேட்டான்.

“ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வருவாங்க” என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன்.

பொழுது சாயும்போது ஆறு லயத்துக்குள் புகுந்தது. பதினேழு பேர் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. அது நான் எடுத்த எண் அல்ல.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மழை விட்டிருந்தது. மேட்டில் ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை. ராத்திரியும் எடுத்து ஊற்றி வைத்த ஜாடியிலிருந்ததையும் சேர்த்து, பதினோரு அங்குலமும், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கான சென்ட் முப்பத்தாறும். அப்படிச் சுத்தமான அளவு இந்த ஜில்லாவில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் வீரமுத்து சேற்றோடு மேடேறி வந்தான். ராசம்மாவின் உடலை அதற்குள் எடுத்துவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த மகள் செல்வராணியை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். அவள் தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. என் கையில் அளவுக் கண்ணாடி இருந்தது.

“அங்கேயே நில்லு வீரமுத்து” என்றேன். “இதுல ஒரு சொட்டு விழுந்தாலும் அளவு கெட்டுப் போயிடும்.”