எழுதிட்டுத் தெறங்க

விசாரணைக்கு வந்தவனுக்கு உட்கார நல்ல நாற்காலியாகக் கொடுத்தீர்கள். முதுகுவலிக்காரனுக்கு அது பெரிய உதவி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் நீர்வளத் துறை ஆய்வாளர். பெரிய அணையில் நூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். மதகைத் திறக்க ஒருவர் விண்ணப்பிப்பார், இன்னொருவர் பரிந்துரைப்பார், மூன்றாமவர் அனுமதிப்பார். ஏரிக்கரை அலுவலகத்தில் இருப்பதோ ஒரே ஆள், மதகுக்காரர். அவருக்கும் அதே விதிதான். தானே விண்ணப்பம் எழுதி, தானே பரிந்துரைத்து, தானே அனுமதித்துக்கொள்வார். "பொண்ணு வீடும் நான்தான், மாப்பிள்ள வீடும் நான்தான் சார்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

போன மழைக்கு முதலில் திறந்துவிட்டு அப்புறம் எழுதினார். மெமோ கொடுத்து, பதவி உயர்வையும் நிறுத்தினேன். அதோடு திருந்திவிட்டார்.

பிறகு தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஐந்து பேருக்குக் குறைவான அலுவலகங்களுக்கு ஒரு கையெழுத்து போதும். அவசரமென்றால் திறந்த பிறகு எழுதலாம். மாதாந்தர ஆய்வும் தேவையில்லை. அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறதி இல்லை. பெரிய அணையில் என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. சின்ன அலுவலகங்களில்தான் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். அது போய்விடுமே என்று பயந்தேன்.

சுற்றறிக்கை வந்த நாற்பதாம் நாள் காலை பத்து மணிக்கு மதகுக்காரர் போன் செய்தார்.

"சார், தண்ணி மளமளன்னு ஏறுது. மொதல்ல தெறந்துடறேன், அப்புறம் எழுதிக்கறேனே?"

"எழுதிட்டுத் தெறங்க."

"கரைக்குக் கீழதான் என் தங்கச்சி வீடு சார். புள்ளைங்க இருக்கு."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க."

சுற்றறிக்கை என் முழங்கைக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது.

அவர் மூன்று படிவங்களையும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருக்கிறார். மூன்றாவது கையெழுத்து பத்து நாற்பதுக்கு. ஓடிப்போய் மதகுச் சக்கரத்தில் கை வைக்கும்போது கரை உடைந்துவிட்டது. ஏழு பேர் போனார்கள். அவர் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அதில் சேர்த்தி. எனக்கும் மனசு சரியில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

தாமதத்துக்கு மதகுக்காரரே பொறுப்பு என்று அன்று மாலையே அறிக்கை எழுதியது நான்தான். சுற்றறிக்கையை இழுப்பறையிலிருந்து எடுத்து, நாற்பது நாளுக்கு முன்பே அவருக்கு அனுப்பியதாகத் தேதி போட்டு இணைத்ததும் நான்தான். அதனால்தான் இன்று அவர் சிறையில் இருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் நீங்களே சொல்லுங்கள். கூடப்பிறந்தவள் வீட்டுக்குள் தண்ணீர் வரப்போகிறது என்றால், என்னைக் கேட்காமலே அவர் திறந்திருக்கலாமே. நான் என்ன, அவர் கையைப் பிடித்துக்கொண்டா இருந்தேன்?