இருபத்தஞ்சாவது கட்டுரை

வெர்னா: ...நிறுத்து க்ளென். அந்த வரியை மறுபடி வாசி.

க்ளென்: "பழைய நாவலில் ஒருத்தர் கதவைத் திறக்கவே ரெண்டு பக்கம் ஆகிறது. ‘ஓநாய் நிலா’வில் அதற்குள் மூன்று பேர் செத்துவிடுகிறார்கள்."

வெர்னா: யாரு எழுதினது?

க்ளென்: கைல் ஹென்ரிக்சன்.

வெர்னா: சரியாத்தான் சொல்றான். சி பிளஸ் போடு.

க்ளென்: சரியாச் சொன்னதுக்கா சி பிளஸ்?

வெர்னா: பழைய நாவலையும் இப்ப ஓடற கதையையும் ஒப்பிடச் சொன்னேன். செத்தவங்களை எண்ணச் சொல்லலை.

க்ளென்: பாவம், பத்தாங்கிளாஸ் புள்ள. இவ்வளவு கறாரா...

வெர்னா: கட்டுப் போட்டிருக்கறது என் கண்ணுக்கு. மார்க்குக்கு இல்லை. அடுத்தது.

க்ளென்: முப்பது வருஷமா பனி வாருற வண்டி ஓட்டினவனை ஒரே வாரத்துல வாத்தியாராக்கிட்டே.

வெர்னா: சம்பளம் கேக்காத வாத்தியார். வாசி.

க்ளென்: இது... இதுல பேர் இல்லை.

வெர்னா: பேரில்லாததைத் திருத்தறதில்லை. என் க்ளாஸ் சட்டம் தெரியும்ல?

க்ளென்: கையில எடுத்தாச்சு. வாசிச்சிடறேனே.

வெர்னா: குரல் ஏன் கம்முது? ரெண்டு மிடறு காப்பி குடி.

க்ளென்: வேணாம். "‘கலங்கரை வீடு’ நாவலையும் ‘ஷெரிஃப் பூன்’ கதைகளையும் ஒப்பிடுகிறேன். ஷெரிஃப் தன் மனதில் உள்ளதைப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே தான் விரும்பும் பெண்ணிடம் சொல்லிவிடுகிறான். இந்த நாவலில் ஈத்தன் தான் நேசிப்பவளிடம் நானூறு பக்கமும் வாயைத் திறப்பதில்லை. எரிச்சலாக இருந்தது. புத்தகத்தை இரண்டு முறை மூடி வைத்தேன்." அடிச்சு எழுதியிருக்கான்... "மூன்று முறை."

வெர்னா: பென்சில்ல எழுதினா அழிச்சிடலாமே. ஏன் அடிக்கணும்?

க்ளென்: பென்சில்னு உனக்கு எப்படி...

வெர்னா: வாசி க்ளென்.

க்ளென்: "முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் விடியுமுன் எழுந்து போய், அவள் வாசலில் கிடந்த பனியை ஒதுக்கிவிட்டு, சொல்லாமல் திரும்பி வருகிறான். அவள் கதவைத் திறக்கும்போது பாதை இருக்கிறது. அந்த இடத்தில்..."

வெர்னா: அந்த இடத்துல?

க்ளென்: "அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ஆளை எனக்குத் தெரியும். பேச்சு வராதவனால் செய்யத்தான் முடியும். ஷெரிஃப் கதையை முடித்த அன்றே மறந்துவிடுவேன். ஈத்தன் போக மாட்டேன் என்கிறான்." அவ்வளவுதான். முடிவுரை இல்லை... எவ்வளவு போடட்டும்?

வெர்னா: என் க்ளாஸ்ல இருபத்து நாலு பிள்ளைங்க. இது இருபத்தஞ்சாவது கட்டுரை.

க்ளென்: ...எண்ணிட்டிருந்தியா.

வெர்னா: கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் புத்தகத்தை உனக்குக் குடுத்தேன். ஒரே வாரத்துல படிச்சுட்டேன்னே. ‘நல்லா இருந்துச்சு, கப்பலெல்லாம் வருது’ன்னே.

க்ளென்: அட்டையில கப்பல் இருந்துச்சு.

வெர்னா: உள்ள ஒரு கப்பல் கூட வராது.

க்ளென்: இப்பத்தான் தெரியும். அப்ப படிக்கலைன்னு சொன்னா நீ வேற எவனையாவது... அதான் பொய் சொல்லிட்டேன். அப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரலை. மார்க்கைச் சொல்லு வெர்னா. ஃபெயில்னாலும் பரவால்ல, உன்கிட்ட ஒரு மார்க் வாங்கணும்.

வெர்னா: ஏ. தாமதத்துக்குக் கழிச்சா, பி.

க்ளென்: எவ்வளவு தாமதம்?

வெர்னா: இருபத்தொம்பது வருஷம். மத்தவங்களுக்கு ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு படி குறைப்பேன். உனக்குச் சலுகை.

க்ளென்: பி போதும். பி நல்ல மார்க்குதான்... ஆனா கண்ணைக் கட்டிக்கிட்டு பென்சிலை எப்படிக் கண்டுபிடிச்சே?

வெர்னா: திங்கக்கிழமை டுலூத்ல இருக்கற கண் டாக்டர்கிட்ட போனோம்ல. உள்ள வான்னேன், நீ வண்டியிலேயே உக்காந்து என்னமோ எழுதிட்டிருந்தே, கீறற சத்தம் கேட்டுச்சு. அவர் அன்னிக்கே கட்டைப் பிரிச்சுட்டார், படிக்கலாம்னுட்டார், வழியில வெளிச்சம் கூசும்னு மட்டும் திரும்பக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து, நீ வெளிய போனப்ப கழட்டிப் பாத்தா, கட்டுரை அடுக்குக்குள்ள பென்சில்ல உன் கையெழுத்து. நானே படிச்சிருக்கலாம்... உன் வாயால கேக்கணும்னு திரும்பக் கட்டிக்கிட்டேன். இன்னும் கழட்டலை, க்ளென். அந்தப் பனி ஒதுக்கற இடத்தை இன்னொரு தடவை வாசி.