பீரங்கிக்கு எண்ணெய்

வாட்ச்மேன் பழனிச்சாமி மேல ரிப்போர்ட் எழுதாதீங்க மேடம். பீரங்கியில எண்ணெய் தடவுனது நான்தான். ஆமா, இந்தக் கோட்டையில கூட்டிப் பெருக்குற செவந்திதான். வாட்ச்மேனு பாவம், காலையில கேட்டைத் தெறந்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிரும். அதுக்கு ஒண்ணுந் தெரியாது.

நல்லெண்ணெய்தான். கீழ பைரவருக்கு வெளக்குப் போட்டுட்டுக் கிண்ணத்துல மிஞ்சுறதக் கொண்டாந்து தடவுவேன். இல்ல, செவ்வா வெள்ளின்னு இல்ல. தெனமுந்தான். ரெண்டரை வருசமா.

தூசி ஒட்டத்தான் செய்யும். மறுநா முந்தானையால தொடைச்சிட்டுத் திரும்பத் தடவுவேன். அதான் தப்புங்கிறீங்களா? எங்க, காட்டுங்க. ஆமா, வாய்க்கிட்டக் கருப்பாப் பிசுக்குக் கட்டி, உள்ள இரும்பு பொரிஞ்சு போயில்ல கெடக்கு. நான் மினுமினுன்னு இருக்குன்னுல்ல நெனச்சேன். நாளைக்குப் பாரம்பரிய விழாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரும், தொட்டுப் பாக்கும், கையெல்லாம் அப்பிக்கும். நீங்க கோவப்படுறது நாயந்தான்.

வேண்டுதலுமில்ல. எம்மகன் தமிழ்ச்செல்வன் மிலிட்டரிக்குப் போனவன். அவனுக்கு அங்க பீரங்கியிலதான் வேலை. காலையில போன் போட்டா, இருத்தா, பீரங்கிக் குழாய்க்கு எண்ணெய் போட்டுட்டுத்தான் எனக்கு டீ அப்படிம்பான். ஆறு மணிக்கு. அவன் அங்கிட்டுப் போடுற நேரத்துக்கு நான் இங்கிட்டு இதுக்குப் போட்டா, அங்க உள்ள பீரங்கி அவன ஒண்ணுஞ் செய்யாதுன்னு ஒரு நெனப்பு. சிரிங்க, பரவாயில்ல. அவனுஞ் சிரிச்சான். ஆத்தா, அது ரிட்டயர்டு ஆகி எரநூறு வருசமாச்சு, எண்ணெய்க்குப் பதிலா அதுக்கு ஒரு பென்சன் வாங்கிக் குடுன்னான்.

எழுதிக்கங்க. செவந்தி, வீட்டுக்காரரு பேரு மலையாண்டி. பழனிச்சாமி பேரை அடிச்சிருங்க. அதுக்கு ரெண்டு பொம்பளப்பிள்ளைக, புதுக்கோட்டையில காலேசு படிக்குதுக, இந்தச் சம்பளத்துலதான். அடிச்சிட்டீங்களா? இன்னொரு கோடு நல்லாப் போட்டிருங்க, பேரு தெரியுது. என்னைய நிறுத்துறதுன்னா நிறுத்திக்கங்க.

சத்தியமெல்லாம் எதுக்கு மேடம். இனிமே தடவ மாட்டேன். இன்னைக்குக் காலையில தடவுனதுகூட வேணும்னு இல்ல. ஒரு மாசங்கழிச்சு இன்னைக்குத்தான் வேலைக்கு வந்தேன். வெளக்குப் போட்டேன், கை பாட்டுக்குக் கிண்ணத்தத் தூக்கிக்கிருச்சு, காலு பாட்டுக்குப் படியேறுச்சு. பாதி தடவுனதுக்கப்பறந்தான், இப்ப எதுக்கு இதுன்னு தோணுச்சு. பாதியோட விடக்கூடாதேன்னு மிச்சத்தையுந் தடவிட்டு எறங்குனேன். பயிற்சியில குழாய் வெடிச்சிருச்சாம். கொடி போத்திக் கொண்டாந்து எறக்குனாங்க. நேத்துதான் அவனுக்கு முப்பதாம் நாளு கும்பிட்டோம்.

கையெழுத்து எங்க மேடம், இந்தப் பக்கமா?